வேவ் பூலில் அக்கா

எனக்கு இந்த மாதிரி இடங்கள் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராட்சச ராட்டினம், செயற்கை அருவி, சிமெண்டு யானை, வயிற்றில் குப்பை போடச் சொல்லி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் கங்காரு, இவற்றையெல்லாம் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நம்மவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதென்றால் ஏதாவது ஒரு நியாயம் வேண்டும். கோயிலுக்குப் போனால் புண்ணியம், மலைக்குப் போனால் நல்ல காற்று, கல்யாணத்துக்குப் போனால் கடமை. சும்மா சந்தோஷமாக இருப்பதற்கென்றே ஒருவன் ஒரு மலைச்சரிவை வாங்கி, மதில் கட்டி, வாசலில் ஒரு கோமாளியையும் நிறுத்தி வைத்திருக்கிறான் என்றால் அவன் நல்லவன் என்பது என் கட்சி.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி ஒரு பூங்கா திருவனந்தபுரத்துக்கு வெளியே, பொன்முடிக்குப் போகிற திசையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வந்தது. தங்குவதற்குக் காட்டேஜ்கள், பெரிய ஹோட்டல், தண்ணீர் விளையாட்டு, தரை விளையாட்டு எல்லாம் ஒரே மதிலுக்குள். ஊருக்குள் சாலை என்கிற பெரிய கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சாலைக் கடைத்தெருவில் மளிகை, ஜவுளி, இரும்புக் கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள். திங்கட்கிழமை காலையில் அவர்கள் முடியில் இன்னும் குளோரின் வாசனையோடு வந்து உட்கார்ந்துகொண்டு அந்தப் பூங்காவைப் பற்றியே பேசுவார்கள். திருக்குறள் நடத்துகிறவளுக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இருந்தது.

அந்த வருஷ ஓண விடுமுறையில் போவது என்று வீட்டில் தீர்மானம் போட்டேன். தீர்மானம் என்றால் நான் சொன்னேன், என் பையனும் பெண்ணும் குதித்தார்கள், இவர் சரி என்று தலையை ஆட்டினார். இவர் அரசாங்க ஆபீசில் பெரிய குமாஸ்தா. கோப்பில் கூட "பார்க்கலாம்" என்று எழுதிவிட்டு மேலே அனுப்புகிற சுபாவம். இவருடைய தலையாட்டலுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கவே எனக்கு நாலைந்து வருஷம் ஆயிற்று. வீட்டில் ஐந்தாவது ஆள் அக்கா. இவருடைய கூடப்பிறந்த அக்கா, எனக்கு நாத்தனார். அவள் வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. அவள் எங்குமே வருவதில்லை என்பது வீட்டுக்குத் தெரிந்த சமாசாரம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்தது திருவனந்தபுரத்துக் கரமனையில், அக்கிரகாரத் தெருவில். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அக்கா அந்தத் தெருவிலேயே பிறந்து, ஆலப்புழையில் வாழ்க்கைப்பட்டு, இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்ப அங்கேயே வந்தவள். பிள்ளை குட்டி கிடையாது. நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறை அவள் கையில் இருந்தது. விடிவதற்கு முன் குளித்து, உயரக் கொடியில் யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கம்பால் எடுத்துக் கட்டிக்கொண்டால் அவள் மடி. சமைத்து, சுவாமிக்குப் படைத்து, எங்களுக்குப் போட்டு, கடைசியில் அவள் சாப்பிட்டு எழுந்திருக்கிறவரை அவளை யாரும் தொடக்கூடாது. என் பெண் தவழ்கிற காலத்தில் அவள் புடவையைப் பிடிக்கப் போய், நான் பாய்ந்து தூக்கி, குழந்தை அலறி, இது தினப்படி நடக்கும். அப்படி வைத்தவர் என் மாமியார். மாமியார் போன பிறகும் அக்கா அதை விடவில்லை.

எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் மடி அக்காவுக்கு வெறும் பாரம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் அவளுக்கு ஒரு இடத்தைக் கொடுத்தது அதுதான். எங்கள் தெருப் பஜனை மடத்தில் வருஷா வருஷம் உற்சவம் நடக்கும். பத்து நாளும் சுவாமிக்கு நைவேத்தியம் செய்வது அக்கா. அவள் வைக்கிற நெய்ப் பாயசத்துக்காகவே பெரிய கோயில் கோட்டைக்குள்ளிருந்து ஆட்கள் வருவார்கள். தாலியும் பொட்டும் போன பிறகு கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார வேண்டியவளை, அந்தப் பத்து நாள் மட்டும் மடத்துக் காரியதரிசி மாமாவே நேரில் வந்து, வாங்கோ என்று கூப்பிட்டுக்கொண்டு போவார்.

இன்னொரு விஷயம் இவர் எனக்குச் சொல்லித் தெரிந்தது. சின்ன வயதில் அக்கா கரமனை ஆற்றில் நீந்துவாளாம். நீந்துவாள் என்றால் படித்துறையில் காலை நனைத்துவிட்டு வருகிற நீச்சல் இல்லை. மழைக்காலத்தில் ஆறு செம்மண் நிறத்தில் போகும்போது பாவாடையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டு வருவாளாம். ஆண் பிள்ளைகள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம். திரும்பி வந்த பிறகு, விதவையாகி வந்த பிறகு என்று அர்த்தம், ஆற்றுக்குப் போவது நின்றுபோயிற்று. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. தெரு முழுக்க நடந்து ஆற்றுக்குப் போய், ஈரத்தோடு தெரு முழுக்க நடந்து திரும்பி வருவது என்றால் அதற்கு ஒரு தைரியம் வேண்டும். பிறகு ஆறும் குளிக்கிற ஆறாக இல்லை. அக்கா பேச்சுக்குக்கூட ஆற்றைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கிளம்புகிற அன்று காலையில் அக்கா புளியஞ்சாதமும் தயிர்சாதமும் கட்டி, கொண்டாட்ட வற்றல் வறுத்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, தானும் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தைகளைத் தண்ணீரில் விடப்போகிறீர்கள், உங்களை நம்பி அனுப்ப முடியாது என்று காரணம் சொன்னாள். வாடகைக்கு வந்த அம்பாசடரில் முன் சீட்டில் யாரும் படாமல் அவளை உட்கார வைத்து, நாங்கள் நாலு பேரும் பின்னால் அடைந்துகொண்டோம்.

பூங்கா வாசலில் முதல் தகராறு. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகக் கூடாதாம். காவல்காரர் பையைத் திறந்து புளியஞ்சாதத்தை மோந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், இல்ல என்று தலையசைத்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. உள்ளே விற்கிறதை எங்கள் அக்கா சாப்பிட மாட்டாள், அவள் பட்டினி கிடந்தால் நீங்கள் பொறுப்பா என்று என் அரைகுறை மலையாளத்தில் கேட்டேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். பின்னால் வரிசை கட்டி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அக்காதான் சமாதானம் செய்தாள். இங்கேயே சாப்பிட்டுவிட்டால் ஆயிற்று என்றாள்.

கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பலாமரத்தடியில் இலையைப் பிரித்து உட்கார்ந்தோம். எங்களுக்குப் போட்டு முடித்து அவளும் சாப்பிட்டாள். வெயில் இன்னும் ஏறவில்லை. அக்கா கை கழுவிக்கொண்டு எழுந்ததும் என் பெண், அவளுக்கு அப்போது ஏழு வயது, "அத்தை சாப்டாச்சு" என்று கூவிக்கொண்டே போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பையன் மறுகையைப் பிடித்தான். மற்ற நாட்களில் மத்தியானம் தாண்டித்தான் அக்கா தொடக்கூடிய ஆளாவாள், அந்த நேரம் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அன்று காலையிலேயே அவர்களுக்கு அத்தை கிடைத்துவிட்டாள். காவல்காரர் மேல் எனக்கிருந்த கோபம் அப்போதே போய்விட்டது.

உள்ளே போனால் எனக்குக் கண் கொள்ளவில்லை. சரிவு முழுக்க வெட்டிய புல். புல்லுக்கு நடுவே வாத்து வடிவத்தில், மயில் வடிவத்தில் செடிகள். ஒரு சின்ன ரயில் கூவிக்கொண்டு சுற்றி வந்தது. எல்லாவற்றையும் விட நான் அசந்துபோனது பெண்களுக்கான கழிப்பறையில். சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பெண்களோடும் குழந்தைகளோடும் வெளியே போனவர்களுக்குத்தான் தெரியும். திறந்த குழாயில் எல்லாம் தண்ணீர் வந்தது, கதவில் எல்லாம் தாழ்ப்பாள் இருந்தது, புடவையைத் தொங்கவிட ஒரு கொக்கியும் இருந்தது. அந்தக் கொக்கியை யோசித்தவன் மனைவி மக்களோடு இருந்து வாழ்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும். நான் வெளியே வந்து இவரிடம் அந்தக் கொக்கியைப் பற்றியே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

கப்பல் மாதிரி ஊசலாடுகிற ஒன்றில் எல்லோரும் ஏறினோம். மேலே போய் ஒரு நொடி நின்று, அப்படியே கீழே விழுகிறபோது வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடுகிறது. நான் வாய்விட்டு அலறினேன். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆஞ்சநேயரைக் கூப்பிட்டார். இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முகம் வெளிறி, இனிமேல் தரையில் இருப்பது மட்டும் போதும் என்றார். அக்கா முன்வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். மேலிருந்து பார்த்தால் அந்தக் கோடியில் ஒரு பெரிய குளம் தெரிகிறது, அதில் அலை அடிக்கிறது, அது எப்படி என்று திருப்பிக் கேட்டாள்.

அதுதான் வேவ் பூல். அரை வட்டமாக, கடற்கரை மாதிரி ஒரு பக்கம் மெதுவாகச் சரிந்து, போகப் போக ஆழமாகி, எதிர்ப்பக்கம் பெரிய சுவரில் முடிகிறது. சுவருக்குப் பின்னால் இயந்திரம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சங்கு ஊதுவார்கள். உடனே நாலாப்பக்கத்திலிருந்தும் ஜனங்கள் ஹோ என்று ஓடி வந்து இறங்குவார்கள். சுவரடியிலிருந்து அலை கிளம்பி வரும். சாலைக் கடைக்காரர்கள், நெடுமங்காட்டு ரப்பர்க்காரர்கள், பர்தா அணிந்த பெண்கள், கழுத்தில் சிலுவை போட்ட பாறசாலைக் குடும்பங்கள், எல்லோரும் ஒரே தண்ணீரில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு கூட்டத்தை நான் கோயிலிலும் பார்த்ததில்லை, ரேஷன் கடையிலும் பார்த்ததில்லை. அலை நின்றதும் சாதுவாகக் கலைந்து போனார்கள்.

தண்ணீரில் புடவை, வேட்டி கூடாது. நைலான் உடுப்பு வாடகைக்குக் கிடைக்கும். நான் முதல் வேலையாகப் போய் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன். முழங்கால் வரை ஒரு கருநீலக் கால்சட்டை, அதே துணியில் தொளதொளவென்று ஒரு மேல்சட்டை. கண்ணாடியில் பார்த்தால் தலையணை உறைக்குள் என்னைப் போட்டுத் தைத்த மாதிரி இருந்தது. என் மாணவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ற கவலை ஒரு நிமிஷம் வந்தது. பிறகு, பார்த்தால் பார்க்கட்டும் என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். இவர் கரையில் எங்கள் பைகளுக்குக் காவல்.

இரண்டு அலை ஆனதும் கரையைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா பெஞ்சில் இல்லை. தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போகிற இடத்தில் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கோடியை, ஆழமான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் லேசாக அசைந்தன. அலை வரும்போதெல்லாம் அவள் உடம்பு தன்னையறியாமல் அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அவள் குழந்தைகளைக் காவல் காக்க வரவில்லை, அவளுக்கு அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் குழந்தைகளோடு கரையேறி அவள் பக்கத்தில் போனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பதறிக்கொண்டு வந்தார். பஜனை மடத்துக் காரியதரிசி மாமா வந்திருக்கிறாராம். குடும்பத்தோடு ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நிற்கிறாராம். அதனால் நாம் கொஞ்சம் ரயில் பக்கம் போகலாமாம். நான் பார்த்தேன். மாமாதான். நெற்றியில் சந்தனம், கையில் கோன் ஐஸ், முழங்கையில் வழிந்துகொண்டிருந்தது. அவரும் எங்களைப் பார்த்துவிட்டார். ஐஸ்கிரீமைத் தூக்கிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து, கரையோரம் உயர நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருந்த இளைஞன் அக்காவைப் பார்த்துவிட்டான். நீளக் கால்சட்டையும் மஞ்சள் பனியனுமாக, யாராவது முழுகினால் குதித்துக் காப்பாற்றுவது அவன் வேலை. இறங்கி வந்து, புடவையோடு இதற்கு மேல் போகக் கூடாது, உடுப்பு அங்கே கிடைக்கும் என்று மலையாளத்தில் கையைக் காட்டினான். அக்கா அசையாமல் நின்றாள். அவளுக்குக் கூச்சம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

"மடிக்கண்டா சேச்சீ, இறங்ஙிக்கோ" என்றான்.

தயங்க வேண்டாம், இறங்குங்கள் என்று அர்த்தம். மலையாளத்தில் மடி என்றால் தயக்கம், சோம்பல். கரமனையில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். நான்தான் கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டு மலையாள அம்மாள் தன் மகனுக்கு ரொம்ப மடி என்று சொன்னதைக் கேட்டு, எவ்வளவு ஆசாரமான பையன் என்று நினைத்தவள்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை.

"கேட்டேளா? மடி வேண்டாங்கறான்" என்றாள்.

இவர் பாவம், ஆபீசில் யாரோ தப்பாக மொழிபெயர்த்துவிட்ட மாதிரி அவசரமாக முன்னால் வந்தார். அதுக்கு அர்த்தம் அது இல்லை அக்கா, அவன் மலையாளத்தில் சொல்கிறான், மடிக்குக என்றால் தயங்குவது என்று விளக்க ஆரம்பித்தார். யாருக்கு? கரமனை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, மலையாள வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்று விடாமல் வாசித்து, காய்கறிக்காரியோடு அவள் பாஷையிலேயே சண்டை போட்டு ஜெயிக்கிறவளுக்கு. இவருடைய மலையாளத்தில் பாதி அவளிடம் கேட்டுக் கற்றது. இவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உடுப்புக் கொடுக்கிற அறையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

உடை மாற்றுகிற அறைக்கு வெளியே நான் காத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கதவு திறக்கவில்லை. மனசு மாறிவிட்டாளோ என்று பயந்தேன். அப்படி மாறினால் நான் அந்தக் காரியதரிசி மாமாவைப் போய்க் கடித்துவிடுவேன் என்று தோன்றியது. கதவு திறந்தது. புடவையை நாலாக எட்டாக மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, என்னுடையது மாதிரியே ஒரு கருநீல உடுப்பில் அக்கா நின்றாள். அவள் கெண்டைக்காலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். வெள்ளையாக, சின்னப் பெண்ணின் கால் மாதிரி உருண்டு திரண்டு இருந்தது. நன்னா இருக்கா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது அக்கா என்று சொன்னேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

கரைக்கு வந்தோம். இவர் அக்காவைப் பார்த்தார், உடனே பைகளைப் பார்த்தார். பையன் வாயைப் பிளந்தான். பெண் ஓடி வந்து அத்தை கையைப் பிடித்தாள். முழங்கால் ஆழம் வரை அக்கா அவளோடு நடந்தாள். பிறகு குழந்தையை என்னிடம் விட்டாள். சங்கு ஊதியது. கூட்டம் எல்லாம் கரைப்பக்கம் திரும்பி அலைக்கு முதுகைக் காட்டியபோது, அக்கா மட்டும் அதற்கு எதிராகத் தலையைக் குனிந்து உள்ளே போனாள்.

நான் நீச்சலைப் பற்றி அறியாதவள். எனக்குத் தெரிந்தது கண்ணால் கண்டது மட்டுமே. முதல் அலை அவளை மூடிவிட்டது. விசில்காரன் நாற்காலியில் எழுந்து நின்றான். அலைக்கு அந்தப் பக்கம் ஒரு தலை வந்தது, ஒரு கை வந்தது, மறு கை வந்தது. இரண்டாவது அலையை அவள் ஏறி இறங்கினாள். மூன்றாவதை ஊடுருவிக்கொண்டு போனாள். கயிறு கட்டியிருந்த கடைசி எல்லை வரை போய், அதைத் தொட்டுவிட்டு, அப்படியே மல்லாந்து படுத்தாள். அலை அவளைத் தூக்கியது, இறக்கியது, தூக்கியது. அவள் கையைக் காலை அசைக்கவே இல்லை. விசில்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உட்கார்ந்தான். பக்கத்தில் நின்றிருந்த ஒரு கடைக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டு, அங்கே பாரு என்று காட்டினார். என் பெண் எல்லோரிடமும், எங்க அத்தை, எங்க அத்தை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு யார் மேலேயும் அவ்வளவு பெருமை வந்ததில்லை, என் குழந்தைகள் மேல்கூட வந்ததில்லை.

அலை நின்றது. ஜனங்கள் கலைந்தார்கள். அந்தக் கோடியில் அக்கா மட்டும் மிதந்துகொண்டிருந்தாள். காரியதரிசி மாமா கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். மிதப்பவளை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அது நம்ம ஆத்து அக்காவாக்கும் அல்லே என்று இவரிடம் கேட்டார். நாலு பேர் பார்க்கிற இடம், மடத்துக் காரியம் செய்கிற கை, உற்சவம் வேறு வருகிறது, கரைக்குக் கேறி வரச் சொல்லலாமே என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்த மாட்டார்.

அந்த வருஷ உற்சவத்துக்கு நைவேத்தியம் வேறு வீட்டுக்குப் போயிற்று. அதற்கு அடுத்த வருஷமும் அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அப்போதே அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், தண்ணீரில் கிடந்தவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீர் வரை போனார்.

"அக்கா, போரும், கேறி வா. மாமா பார்த்துண்டு நிக்கறார்" என்று கூப்பிட்டார்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். அந்தக் காலிக் குளத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

"பார்க்கட்டும்டா. நான் இப்பத்தானே இறங்கியிருக்கேன்."

காரியதரிசி மாமா காத்துக்கொண்டிருந்தார். இவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இவர் திரும்பி வந்து, மேலதிகாரியிடம் கோப்பை வைக்கிற அதே பணிவோடு அவர் முன்னால் நின்றார்.

"அவ இப்பத்தான் இறங்கியிருக்காளாம், மாமா" என்றார்.